நாய்தான் முதலில்

காலை ட்ரிப் முடிந்து பள்ளிப் பேருந்தை ஷெட்டில் விட்டபோது அவளுக்குக் கண் சொக்கியது. மலையில் காணாமல் போன ஒருவரை மூன்று நாளாகத் தேடி, நேற்று சாயங்காலம் ஓடைப் பள்ளத்தில் பிணமாகத்தான் கண்டெடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரைச் சுமந்த எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. சாவியைக் கொக்கியில் மாட்டும்போதே போன் அடித்தது. மீட்புக் குழுவின் தலைவர், மருந்துக்கடைக்காரர்.

"தாயே, திட்டாத. கிழக்குச் சரிவுல ஒரு ஆள் பாறையில மாட்டிக்கிட்டாராம். கீழ் பாதையில போனவங்க பார்த்துட்டு போன் பண்ணாங்க. கூட ஒரு நாயும் இருக்காம்."

"அண்ணே, என்னால கையத் தூக்கவே முடியல. வேற யாரும் கிடைக்கலயா?"

"எல்லாரும் நேத்து வந்தவங்கதானே? பாதிப் பேர் போனையே எடுக்கல. கயித்துல இறங்க எடை கம்மியான ஆள் வேணும்."

அவள் போனை வைத்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்திக் குழுவில் சேர்க்கவில்லை. தானாகப் போய்ச் சேர்ந்தவள், யாரை நொந்துகொள்வது? ஈரம் காயாத பூட்ஸுக்குள் காலை நுழைத்தாள்.

ஜீப்பை ஓட்டியவர் எலக்ட்ரீஷியன். ஆள் உயரமும் ஒல்லியும் சேர்ந்து அவருக்கு ஒட்டடைக்குச்சி என்ற பெயரைக் கொடுத்திருந்தன. வழியெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார்.

"நான் தூங்கிட்டா எழுப்புங்கப்பா" என்றார்.

"நாங்க முழிச்சிருந்தாத்தானே!" என்றார் மருந்துக்கடைக்காரர். யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

மேட்டில் கயிற்றைக் கட்டி அவளை இறக்கினார்கள். நாற்பதடிக்குக் கீழே, கட்டில் அகலமே இருந்த திட்டில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பாறையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பழுப்பு நாய். அது குரைக்க வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

நேற்று பிணமாகக் கிடைத்தவர் மலைக்குக் கிளம்பியபோது ஒரு பழுப்பு நாயும் கூடப் போனது என்று அவர் மனைவி சொல்லியிருந்தாள்.

"நீங்க என் தம்பியத் தேடுற ஆளுங்கதானே?" என்றார் அவர். "ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிட்டு நேரா இங்க வந்துட்டேன். போன்ல சார்ஜ் இல்ல. இது முனகுற சத்தம் கேட்டுச்சு. இது இருந்தா அவனும் பக்கத்துல இருப்பான்னு இறங்கினேன். ஏற முடியல."

அவள் முதலில் அவர் இடுப்பில் பட்டையைக் கட்டினாள். கொக்கி பூட்டிக்கொண்ட சத்தம் காதில் கேட்ட பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மேல போய்ப் பேசலாம்ணே."

"அப்ப கிடைச்சிட்டான்."

அவள் கொக்கியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"உயிரோட இல்ல, அப்படித்தானே?"

"இல்லண்ணே. நேத்து சாயங்காலம் கொண்டு வந்தோம்."

அவர் அழவில்லை. நாயின் காதை மட்டும் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "இதை முதல்ல ஏத்துங்க. அவன் வளர்த்தது" என்றார்.

அவள் அதை வாக்கி டாக்கியில் சொன்னதும் மேலிருந்து மருந்துக்கடைக்காரர் கத்தினார். "ஆளுதான் முதல்ல! உனக்குத் தெரியாததா?"

"தெரியும்ணே. நாய் போகாம இவர் நகர மாட்டாரு. சாக்குப்பைய இறக்குங்க."

பைக்குள் திணிக்கும்போது நாய் அவள் மணிக்கட்டைக் கடித்தது. கை சுரீரென்று எரிந்தது. விடாமல் பிடித்துக் கட்டி அனுப்பினாள். அடுத்து அவர். கடைசியாக அவள். விளிம்பைத் தாண்டியதும் புல்லில் மல்லாந்து விழுந்தாள். கடிவாயைக் கழுவிக் கட்டிய மருந்துக்கடைக்காரர் திட்ட வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

"இறங்கினதும் ஊசி போட்டுக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

ஒட்டடைக்குச்சி தன் தொப்பியில் தண்ணீர் ஊற்றி நாய்க்கு வைத்தார். அண்ணன்காரர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க கிடந்தான்?"

கீழே ஓடை வளையும் இடத்தைக் காட்டினாள்.

"வலிச்சிருக்குமா?"

"தெரியலண்ணே. தெரியும்னு சொன்னா அது உங்களுக்காகச் சொல்றதாத்தான் இருக்கும்."

அவர் தலையாட்டினார். "யாரு தூக்கினீங்க?"

"எட்டுப் பேர். நானும் இருந்தேன்."

"ரொம்பக் கனமா இருந்தானா? சின்னப் பிள்ளையில நான்தான் அவனை இடுப்புல வச்சுக்கிட்டு அலைவேன். அப்பவே கனப்பான்."

"கனமாத்தான் இருந்தாருண்ணே" என்றாள். அவர் அப்போதுதான் உடைந்து அழுதார். அவளுக்கு எழுந்து தேற்றக்கூட உடம்பு ஒத்துழைக்கவில்லை. படுத்தபடியே கையை நீட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் அழுது முடிக்கும்வரை மற்ற இரண்டு பேரும் கயிற்றைச் சுருட்டாமல் நின்றார்கள்.