பால்கனிப் புகை

கவாசாகித் துறைமுக நகரில் இருக்கும் அந்த ஐந்து மாடிக் குடியிருப்பில் காலை நேரத்துப் புகை எப்படிப் பயணம் செய்யும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது புரிந்தால்தான் அடி ஏன் தவறான ஆள் மேல் விழுந்தது என்பது புரியும்.

கிழக்குச் சுவரில் வெயில் விழுந்ததும் சுவரை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறும். மூன்றாம் மாடியில் 304-ஆம் வீட்டுப் பால்கனியில் ஊதிய புகை, நேர் மேலே இருக்கும் 404-இன் தரைக்கு அடியில் போய் முட்டும். முட்டியது விளிம்பு வரை தவழ்ந்து, வெளியே சுற்றிக்கொண்டு, 404-இன் கைப்பிடிக் கம்பிகளுக்கு மேல் எழும். அதைப் பக்கத்து வீடான 403 உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சும் என்று சும்மா சொல்லவில்லை. குளியலறை விசிறி இரவு பகலாக வீட்டுக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. தள்ளிய அளவுக்கு வெளிக்காற்று, படுக்கையறைச் சுவரில் இருக்கும் வட்டத் துளை வழியாக உள்ளே வந்துதான் ஆக வேண்டும். 403-இல் அந்தத் துளைக்குக் கீழே குழந்தைக் கட்டில் கிடந்தது.

அதில் கோஹாரு. இன்னும் தவழத் தொடங்காதவள், மூச்சிழுப்பு உண்டு. அவளுடைய அப்பா ஹமுரோ தாய்கோ, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். 404-இல் தனியாக இருந்த நெமோத்தோ மூக்குக் கண்ணாடிக் கடை ஊழியர். சிகரெட்டைக் கையால் தொட்டதே இல்லை. 304-இல் இருந்தவள் ஒரிஹாரா தோகியே, நகரப் பேருந்து ஓட்டுநர். புகை அவளுடையது.

அவளுக்கு வேறு இடம் இல்லாமல் போயிருந்தது. தெருவில் புகைத்தால் அபராதம். பூங்காவில் கூடாது. பணிமனையில் இருந்த புகையறையை எடுத்துவிட்டுக் குளிர்பான இயந்திரம் வைத்துவிட்டார்கள். வாடிக்கையான காபிக் கடையும் வாசலில் சிவப்புக் கோடு போட்ட படத்தை ஒட்டிவிட்டது. வீட்டுக்குள் கணவன் விடமாட்டான். ஆகவே பால்கனி. இருட்டில் சிகரெட் நுனி மினுங்குவதால், இப்படிப் பால்கனியில் நின்று புகைக்கிறவர்களை மின்மினிகள் என்று கேலி செய்வார்கள்.

புகையால் தொல்லை என்றால் யாரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. நிர்வாக நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். நிறுவனம் யார் பெயரையும் குறிப்பிடாமல், ‘பால்கனியில் புகைப்பவர்கள் அன்புகூர்ந்து தவிர்க்கவும்’ என்று ஒரு தாள் அனுப்பும். அதை லிஃப்டில் ஒட்டுவது அந்த ஆண்டுக் குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளரின் வேலை. பொறுப்பு சுழற்சியில் வரும். இந்த ஆண்டு தோகியே. சுருக்கம் விழாமல் விரலால் நீவி ஒட்டினாள். மறுநாளிலிருந்து உட்கார்ந்துகொண்டு புகைத்தாள். உட்கார்ந்தால் ஆள்தான் மறையும். புகை பழைய வழியிலேயே ஏறும்.

ஹமுரோ தன் பால்கனியிலிருந்து பார்த்தான். 404-இன் கைப்பிடிக்கு மேல் புகை. லிஃப்டில் நெமோத்தோவைப் பிடித்தான்.

“உங்க பக்கத்துலேர்ந்து சிகரெட் புகை வருது. எங்க வீட்டுல குழந்தை இருக்கு.”

நெமோத்தோ இடுப்பு வரை குனிந்தார். “அடடா, உங்களுக்கு ரொம்ப சிரமம் ஆயிடுச்சு. மன்னிச்சுக்குங்க.”

குறை என்று ஒருவர் வந்தால் முதலில் மன்னிப்பு, விளக்கம் அப்புறம். அவர் வளர்ந்த முறை அது. விளக்கம் சொல்வதற்குள் லிஃப்ட் கதவு திறந்து ஹமுரோ இறங்கிவிட்டான். அவனைப் பொறுத்தவரை ஆள் குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று.

அதன் பிறகும் புகை வந்தது. சனிக்கிழமை கோஹாருவை ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். ஞாயிறு காலை அவளை வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் கிடத்திய சற்று நேரத்தில், தோகியே கீழே தீக்குச்சியை உரசினாள்.

“டேய் நெமோத்தோ!” மேலே ஹமுரோவின் குரல். “மன்னிப்பும் கேப்ப, ஊதவும் ஊதுவியா? என்னை என்ன கேனப்பயல்னு நெனச்சியா?”

“ஹமுரோ-சான், நான் துணிதான் காயப்போடுறேன். ரொம்ப மன்னிச்சு—”

“மறுபடியும் மன்னிப்பா!”

இரண்டு பால்கனிகளுக்கும் நடுவே இருந்தது மெல்லிய பலகைத் தடுப்பு. தீப்பிடித்தால் உதைத்து உடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தப்ப வேண்டும் என்பதற்காகவே பலவீனமாகச் செய்தது. வயதானவர் உதைத்தாலும் உடையும். ஹமுரோவின் இரண்டாவது உதையில் அது நடுவில் பிளந்தது. துணி உலர்த்தும் எஃகுக் குழாயோடு உள்ளே நுழைந்தான். குழாய் உள்ளீடற்றது, எடை குறைவு. அதனாலேயே ஓங்கவும் எளிது, வேகமும் அதிகம். முதல் அடியை நெமோத்தோ கையால் தடுத்தார். மணிக்கட்டு முறிந்த சத்தம் கீழே தோகியேவுக்குக் கேட்டது. அடுத்த அடி வாயில்.

“நான் பிடிக்கவே மாட்டேங்க! சத்தியமா!”

“அப்ப அன்னிக்கு எதுக்குடா குனிஞ்ச?”

நான்காம் மாடியின் விளிம்பிலிருந்து ரத்தம் சொட்டி, தோகியே உலர்த்தியிருந்த சீருடைச் சட்டையின் தோளில் விழுந்தது. அவள் சிகரெட்டை அணைத்துக் கையடக்கச் சாம்பல் டப்பாவில் போட்டு மூடினாள். பழகிய கை தானாகச் செய்தது. உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால் யாருக்கும் தெரியாது. தாளை ஒட்டியவளே புகைத்தாள் என்று குடியிருப்பே சிரிக்க வேண்டியதும் இல்லை. மேலே மூன்றாவது அடி விழுந்தது. இந்த முறை நெமோத்தோவின் குரல் வரவில்லை.

“அந்தாளை விடு!” என்று கத்தினாள். “ஊதுனது நான். தினமும் நான்தான். 304!”

மேலே அடி நின்றது. பிறகு 404-இன் பால்கனித் தரையில் இரும்பு மூடி திறக்கும் சத்தம். அதுவும் தீ விபத்துக்காக வைத்ததுதான். மூடியைத் தூக்கி நெம்புகோலை மிதித்தால் மடிந்திருக்கும் ஏணி கடகடவென்று விரிந்து கீழ் வீட்டுப் பால்கனியில் இறங்கும். மேலிருந்துதான் திறக்கலாம், கீழே இருப்பவருக்குப் பூட்ட வழியில்லை. முதலில் கால்கள் தெரிந்தன, பிறகு குழாய்.

இறங்குபவனுக்கு ஏணியைப் பிடிக்க ஒரு கை போய்விடும் என்று தோகியே கணக்கிட்டாள். பாய்ந்து கணுக்காலைப் பற்றி இழுத்தாள். ஹமுரோ பக்கவாட்டில் விழுந்தான். அவன் நெற்றி கைப்பிடியில் மோதிப் பிளந்தது. குழாய் கையை விட்டுப் போகவில்லை. படுத்தபடியே வீசினான். அவளுடைய விலா எலும்பில் பட்டது.

“எம்பொண்ணு நீலமாயிட்டாடீ! தெரியுமா உனக்கு? நீலமா!”

“தெரியாது. இப்பதான் தெரியுது. அடி, என்னை அடி.”

அவன் எழுந்து, மேலே ஏதோ நகரும் ஓசை கேட்டு, ஏணியை நோக்கித் திரும்பினான். “ரெண்டு பேரும் கூட்டா? அவனையும் விடமாட்டேன்.”

தோகியே அவன் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். முதுகில் அடி விழுந்தது. தோளில் விழுந்தது. காது கிழிந்து கழுத்தில் சூடாக வழிந்தது. அவன் மறுகாலால் முகத்தில் மிதித்தபோது பல் ஒன்று நாக்கில் உருண்டது. அவள் முகத்தை அவன் முழங்காலில் புதைத்து, விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் ஏணி ஏற முடியாது.

மேலே உடைந்த பலகையை யாரோ நகர்த்தினார்கள். ஜன்னல் கதவு ஓடிச் சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. பிறகு 403-இன் சுவர்த் துளை வழியாக ஹமுரோவின் மனைவி மிசுசுவின் குரல், அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

“தாய்கோ! நெமோத்தோ-சானை நம்ம வீட்டுக்குள்ள இழுத்துட்டேன். பூட்டிட்டேன். போலீசுக்கும் சொல்லிட்டேன். நீ இங்க வராத!”

குழாய் கீழே விழுந்து உருண்டது. தோகியே கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவன் காலை விட்டாள்.