வாயில் படுவதெல்லாம் ஒரு பையில்

மே முதல் தேதி எங்கள் ஊர் மைதானத்தில், வசந்தத்தைக் கொண்டாட நடும் உயர மரக் கம்பம் நிமிர்ந்து நின்றதும் ஒரே ஒரு ட்ரம்பெட் ஒலிக்கும். ஊர் பேண்டின் மற்ற வாத்தியங்கள் சும்மா இருக்கும். பதினாறு வருடமாக அதை ஊதியவன் நான். கூரை வேய்வது என் பிழைப்பு என்றாலும் ஊரில் கூரைக்காரன் என்று யாரும் சொல்வதில்லை, ட்ரம்பெட் கோர்பினியன் என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் பிப்ரவரியில் என் உதடு வெடித்தது. வீங்கி, ஓரங்களில் நீர் கோத்து, சூப் குடித்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் நான்கு நிமிடம் பார்த்துக் களிம்பு கொடுத்தார். ஆறியது, மறுபடி வந்தது. "ரெண்டு வாரம் ட்ரம்பெட்டைத் தொடாதீங்க" என்றார். தொடவில்லை. அப்போதும் ஆறவில்லை. ஆகவே ட்ரம்பெட் காரணமில்லை என்று அவரும் நானும் ஏகமனதாக முடிவு செய்தோம்.

அதற்குள் இரண்டாவது ட்ரம்பெட்காரன் வெண்டலின் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான். ஒத்திகைக்கு வெறுங்கையோடு போய் நின்றேன். "கவலைப்படாத கோர்பி. மே ஒண்ணாந்தேதி நீ கம்பத்தைப் புடிச்சுக்கோ, நான் ஊதிக்கிறேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

என் மனைவி அஃப்ரா என்னைக் கேட்காமலே இயற்கை வைத்தியரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

"நான் போகமாட்டேன். கயித்துல கல்லைக் கட்டி வயித்துக்கு மேல ஆட்டுவாங்க."

"ஆட்டட்டும். ரெண்டு மாசமா உனக்கு நெத்தியிலதான் முத்தம் குடுக்கிறேன், பொணத்துக்குக் குடுக்கிற மாதிரி. போயிட்டு வா, மனுஷா!"

அந்த வைத்தியர் அம்மா தொலைபேசியிலேயே இரண்டு கட்டளை போட்டார். ஒரு வாரம் சாப்பிடுவது, குடிப்பது எல்லாம் எழுத வேண்டும். வாயில் படுகிற சாமான்கள் அத்தனையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

கிரெஸன்ஸ் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே கதவைத் திறந்தார். வைத்தியருக்கே சளி! என் முகத்தைப் பார்த்ததும், "பிர்ச் மரம் பூத்தா எனக்கு வருஷா வருஷம் இப்படித்தான். சிரிச்சு முடிச்சாச்சா? உக்காருங்க" என்றார்.

கல்லும் இல்லை, கயிறும் இல்லை. வெறும் கேள்விதான், ஒன்றரை மணி நேரம். நாக்கை நீட்டச் சொன்னார். எத்தனை மணிக்குத் தூங்குவேன், பாதம் சில்லிட்டுப் போகுமா, அம்மாவுக்குத் தோல் வியாதி இருந்ததா?

"வெளிக்கு எத்தனை தடவை போறீங்க?"

"அதுக்கும் உதட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"தெரியாது. அதான் கேக்கறேன்."

பிறகு என் குறிப்பைப் படித்தார். "பீர் ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. எந்த அளவு?"

"லிட்டர் குவளைங்க."

சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். எனக்குக் காது சுட்டது.

பையை மேசையில் கொட்டினேன். பற்பசை, கடுகு விழுது, பென்சில், வேலை நேரத்தில் பல்லில் கவ்விக்கொள்ளும் கூரை ஆணி. ஆணியைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. ஆனால் குளிர்காலத்தில் கூரை வேலையே கிடையாது, ஆணியைத் தொட்டு நான்கு மாதம் ஆகிறது. ஆணியும் கழிந்தது. இவ்வளவுதான் இவர் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

"முதல் வெடிப்பு என்னிக்கு வந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது என்ன?"

"எது?"

"உங்க வாயில இருக்கறது!"

எடுத்துப் பார்த்தேன், ட்ரம்பெட்டிலிருந்து கழற்றிய ஊதுமுனை. எப்போது சட்டைப் பையிலிருந்து எடுத்தேன், எப்போது உதட்டில் உருட்டினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

"ட்ரம்பெட்டையே தொடலன்னீங்க?"

"அது பெட்டிக்குள்ள இருக்குங்க. இது சும்மா… சூடா வெச்சுக்கறது."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

காரில், கழிப்பறையில், தேவாலயத்தில் பிரசங்கம் நீளும்போது. ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டேன்.

"வாயில படற சாமான் எல்லாத்தையும் கொண்டு வரச் சொன்னேனே!"

"இது சாமான் இல்லீங்களே" என்றேன். பின்னே என்ன என்று அவர் கேட்டார். என் பல்லைப் பையில் போட்டா எடுத்துப் போவேன்?

முனையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். விளிம்பில் வெள்ளிப் பூச்சு தேய்ந்து உள்ளிருந்த உலோகம் மஞ்சளாகத் தெரிந்தது. மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்திருக்கிறேன்.

"இது என் சந்தேகம்தான். உறுதியாச் சொல்ல வேண்டியது தோல் டாக்டர்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் முழங்காலுக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் ஊற்றவும் சொன்னார். அது உதட்டுக்கு இல்லை, தூக்கத்துக்காம். தோல் டாக்டர் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க என் முதுகில் வரிசையாகச் சோதனைப் பட்டைகள் ஒட்டினார். மூன்றாம் நாள் உலோகம் பட்ட இடம் மட்டும் நெருப்பாகச் சிவந்திருந்தது.

கடையில் பிளாஸ்டிக் ஊதுமுனை ஒன்றுதான் இருந்தது, கிளிப்பச்சையில். பழையதை அஃப்ரா அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பத்தே நாளில் உதடு ஆறியது.

மே முதல் தேதி நான் பச்சை முனையைப் பொருத்தியபோது வெண்டலின் சத்தமாகக் கேட்டான், "குழந்தை அழுதா என்ன பண்ணுவே கோர்பி? அதோட பொம்மையைப் புடுங்கிட்டு வந்திருக்கியே!"

முப்பது ஆண்கள் கழிகளால் முட்டுக் கொடுத்துத் தூக்க, கம்பம் ஆடி ஆடி நிமிர்ந்தது. ஊதினேன். வலி இல்லை! கடைசி உச்ச சுரத்தைப் பிடித்தேன், விட மனசு வரவில்லை. கழிகள் எல்லாம் விலகி, கம்பம் தனியாக நிற்கும்வரை பிடித்தேன். மைதானமே கத்தியது. அஃப்ரா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, ஊரறிய, உதட்டிலேயே முத்தம் கொடுத்தாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அறிந்ததில்லை.

பீர்க் கூடாரத்துக்குப் பின்னால் வெண்டலின் என் கையைப் பிடித்தான். குரல் இறங்கியிருந்தது.

"ஒரு வருஷமா எனக்கு நெஞ்சு எரியுதுடா. அந்த அம்மா… போனா என்ன பண்ணுவாங்க?"

"நாக்கை நீட்டச் சொல்வாங்க. வெளிக்குப் போறதைக் கேப்பாங்க, பொய் சொல்லாத. பீர் எத்தனைன்னு மட்டும் இல்ல, எந்தக் குவளைன்னும் எழுது. வாயில படற சாமான் எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போ."

அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

"என் நாற்காலியை மட்டும் இங்கயே வெச்சுட்டுப் போ" என்றேன்.