குறுக்கே கட்டிய வலை

“வலையைக் கழட்டு பிள்ளை, நான் சொல்லுறதைக்—”

“கழட்டமாட்டன். என்ர வளவு, எங்கட வலை, என்ர—”

“உன்ர தம்பி துவக்கோட உள்ளுக்கு நிக்கிறான்!”

“அதைத்தான் நானும் சொல்லுறன். என்ர தம்பி!”

பொலிஸ் சார்ஜன் கதிர்காமுவும் நிறஞ்சலாவும் ஒருவரை ஒருவர் முடிக்கவிடவில்லை. கடற்கரைச் சண்டையொன்றுக்காகக் காலையில் அவள் தம்பி ஜெனோஜனைப் பிடிக்கப் பொலிஸ் வந்தது. அவன் நாட்டுத் துவக்கால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்துவிட்டு, படகு எஞ்சின் வைக்கிற கொட்டிலுக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டான். யாருக்கும் காயமில்லை. இப்போது பக்கத்து வீட்டு மொட்டைமாடியில், தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுட வெளியூரிலிருந்து வந்த பொலிஸ் சினைப்பர் ஒருவன் குப்புறக் கிடந்தான். அவனுடைய குறி கொட்டிலின் கதவிலும் ஒற்றை யன்னலிலும்.

அந்தக் குறிக்குக் குறுக்கே, மீன்பிடி ஊரான பேசாலையில் எல்லா வீட்டு வளவிலும் நிற்கிற மாதிரி, கிழிந்த வலை பொத்துகிற கம்புகள் நின்றன. நிறஞ்சலா தம்பியின் நைலோன் வலையை நாலு மடிப்பாக அதில் கட்டிவிட்டாள்.

“வெயிலுக்கு வலை மினுங்குதாம். மாடியில கிடக்கிறவருக்கு ஒண்டும் தெரியேல்லையாம்.”

“தெரியக்கூடாதெண்டுதானே கட்டினனான்.”

“விசரி! அவர் சுட மட்டும் வரேல்லை. உன்ர தம்பி துவக்கைக் கீழ வைச்சால் முதல்ல காணுறது அவர்தான். அவர் கண்டு சொன்னால்தான் நாங்கள் கிட்டப் போகலாம்.”

நிறஞ்சலாவின் கை ஒரு கணம் முடிச்சில் தயங்கியது. ‘அவன் கீழ வைக்காட்டி?’ என்று நினைத்தாள். கையை எடுத்துவிட்டாள்.

“றொசாந்தன், வெட்டடா அதை!” என்றார் சார்ஜன்.

கொன்ஸ்தாபிள் றொசாந்தன் அயலூரான தாழ்வுபாட்டுக்காரன், வலைக்காரர் வீட்டுப் பிள்ளை. கத்தியோடு கம்படியில் வந்து நின்றான். “சேர், அடுத்தவன்ர வலையில கத்தி வைக்க எனக்குக் கை வராது.”

“உனக்குச் சம்பளம் வலையே தருது?”

அவன் கத்தியை மடக்கினான்.

நிறஞ்சலா விறுவிறுவென்று போய்க் கொட்டில் கதவில் அறைந்தாள். “டேய்! நான் கதவடியில நிக்கிறன். வெடி வைக்கிறதெண்டால் முதல்ல எனக்கு வை. இல்லையெண்டால் அந்தச் சனியனை வெளியில தள்ளு!”

“அக்கா, விலகு.”

“விலகமாட்டன்!”

அவள் மறுபடியும் கதவில் அறைந்தாள். பிறகு கதவு சாணளவு திறந்தது. துவக்கு, பிடி முன்னால் வர, மணலில் சரிந்தது. அவள் அதைக் காலால் சார்ஜன் பக்கம் தள்ளிவிட்டாள். கதவிடுக்கால் நீண்ட தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வலைக்கு மேலால் மாடியைப் பார்த்துக் கத்தினாள்:

“பார்க்கத்தான் வந்தனீர் எண்டால், முதல்ல உம்மட துவக்கை அங்கால திருப்பும். அதுக்குப் பிறகு நான் வலையை அவிழ்க்கிறன்!”