கீழே இருந்த வட்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை; நான் மறைத்தாலும் யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் வண்டி வந்துபோகும் நேரம் குறிப்பவர். ஒருநாள் காலை நான் கத்த ஆரம்பித்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் துண்டுச் சீட்டில் குறித்து என் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துவிட்டார். மொத்தம் பதினெட்டு நிமிடம். மதியம் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் டப்பாவைத் திறந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வாரமே பல் டாக்டரம்மாவின் வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் ஆஸ்பத்திரி மாடியில் பல் பார்ப்பவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். புதன்கிழமை மாலைகளில் தன் காத்திருப்பு அறையிலேயே ஆறேழு பேருக்கு ஆன்ம ஜாதகம் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். கல்யாணம் எப்போது, வேலை எப்போது என்றெல்லாம் அதில் கேட்கக் கூடாது. பிறந்த நேரத்து வானத்தை ஒரு வட்டமாகப் போட்டு, இந்த ஆள் எதற்குப் பயப்படுகிறார், எதைக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார் என்று மட்டும் பார்க்க வேண்டும். சந்திரன் நாம் ஓடி ஒளியும் பழைய இடம். லக்னம் நாம் போய்ச் சேர வேண்டிய இடம். எனக்குப் பிடித்துப்போயிற்று. உள்ளே இருப்பதைப் படம் எடுத்துக் காட்டுவதுதானே என் பிழைப்பும்.

மூன்றாம் வாரம் வீட்டுப்பாடம் வந்தது. உங்கள் வட்டம் ஒன்று, உங்களுக்கு ஆகாத ஒருவருடைய வட்டம் ஒன்று, இரண்டையும் படித்து எழுதி வாருங்கள் என்றார். பிறந்த விவரத்தைக் கொடுத்தால் அவரே டிரேசிங் பேப்பரில் வரைந்து தருவார். அதில் பெயர் இருக்காது. பெயரைப் பார்த்தால் பழைய சண்டையைத்தான் படிப்போம், வட்டத்தைப் படிக்க மாட்டோம் என்பது அவர் கட்சி.

ஆகாதவர் யார் என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. என் தங்கைதான்.

அப்பா என் வீட்டில் நான்கு மாதம் படுக்கையில் கிடந்தபோது அவள் ஞாயிறுதோறும் வருவாள். பழம் கொண்டுவருவாள், அறை வாசலில் நிற்பாள், உள்ளே காலெடுத்து வைக்க மாட்டாள். பத்து நிமிடத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பாள். கடைசி நாளன்று எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் கேட்டேன், "உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

அதோடு எட்டு மாதம் பேச்சு இல்லை. இப்போது அவள் புருஷனுக்கு எங்கேயோ தூரத்தில் வேலை கிடைத்து, மாதக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். போவதற்கு முன் சனிக்கிழமை ஒருமுறை வரட்டுமா என்று போனில் செய்தி அனுப்பியிருந்தாள். நான் பதில் போடவில்லை. போடாவிட்டால் அவள் வர மாட்டாள். இப்படியே போய்விட்டால் பிறகு எப்போதுமே வர மாட்டாள். அது தெரிந்தும் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கொடுத்த உறையைத் திறந்து, இரண்டு வட்டங்களில் கீழே இருந்ததை என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் இன்னும் பிலிம்தான். ஒருவருடைய படங்களை உறையில் அடுக்கினால் முந்தியது கீழே, பிந்தியது மேலே. நான் மூத்தவள், அவள் இளையவள். விஷயம் முடிந்தது.

மேலே இருந்ததை அரைமணி நேரத்தில் படித்து முடித்தேன். "தான் வைத்ததே சட்டம். எல்லோரும் தன்னைப் போலவே அழ வேண்டும், தன்னைப் போலவே உழைக்க வேண்டும் என்ற திமிர். உதவி கேட்கத் தெரியாது, செய்ததைச் சொல்லிக்காட்ட மட்டும் தெரியும்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

கீழே இருந்ததற்கு மூன்று நாள் ஆயிற்று. எட்டாம் வீட்டில் சந்திரன், பக்கத்திலேயே சனி. எட்டாம் வீடு இழப்பின் வீடு. எழுத எழுத மனசு இளகியது. "இவளுக்குப் பாசம் குறைவில்லை. பாசம் அதிகமான இடத்தில் இவளுக்குக் கால் நகராது. போய்ப் பார்த்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம். ஊர் இதைக் கல்நெஞ்சம் என்று சொல்லும். இவளைத் திட்டக் கூடாது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக ஓர் ஆள் இருந்தால் போதும்."

படித்துப் பார்த்து நானே அழுதேன். அத்தனையும் என்னைப் பற்றியதுதான் என்று நினைத்தேன். அப்பாவின் கடைசி எக்ஸ்ரேயை எடுத்தவள் நான். ஆனால் அந்த பிலிமைப் பார்க்காமல் பக்கத்து ஆளிடம் நீட்டிவிட்டு, கை கழுவப் போகிறேன் என்று நழுவியவளும் நான்தான்.

புதன்கிழமை டாக்டரம்மா என் நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். "ரொம்ப அன்பா படிச்சிருக்கீங்க. உங்க தங்கச்சி குடுத்து வச்சவங்க" என்றார். அது என்னுடைய வட்டம் என்றேன். அவர் வட்டத்தின் அடியில் விரல் வைத்தார்.

"நீங்க விடியக்காலையில பிறந்தவங்க. அப்படின்னா சூரியன் லக்னத்துக்குப் பக்கத்துல இருக்கணும். இதுல அடியில கிடக்கு பாருங்க. இது நடுராத்திரியில பிறந்தவங்களோடது."

இரண்டாம் வாரப் பாடம் அது. அன்று விபத்துக் கேஸ் வந்ததால் நான் வகுப்புக்குப் போகவில்லை. நான் முதலில் கொடுத்த விவரம் என்னுடையது என்பதால் அதை மேலே வைத்தாராம்.

பத்தொன்பது வருஷ எக்ஸ்ரே வேலையில் ஒருவர் நெஞ்சை இன்னொருவர் நெஞ்சாக நான் மாற்றிக் கொடுத்ததே இல்லை. முகம் சிவந்துபோய் நோட்டோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். பயம் என்னுடையது என்று நினைத்தபோது அதைத் தடவிக் கொடுத்தேன். அவளுடையது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த வரிகளில் ஒன்றைக்கூட எழுதியிருக்க மாட்டேன். என்மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அவளுக்குப் போன் போட்டேன்.

எடுத்ததும் "அக்கா" என்றாள். ஒன்று படிக்கிறேன், கேள் என்று சொல்லி, கீழ் வட்டத்துக்கு எழுதியதை முழுக்கப் படித்தேன். இதை யார் எழுதியது என்று கேட்டாள்.

"நான்தான். ஜாதக வகுப்புல. ஆனா என்னோட ஜாதகம்னு நினைச்சு எழுதிட்டேன். உன்னோடதாம்."

"அப்போ உன்னோடது என்ன சொல்லுது?"

தப்பிக்க வழியில்லை. திமிர் முதல் சொல்லிக்காட்டுவது வரை ஒன்று விடாமல், இரண்டு கோடு போட்டதையும் சேர்த்துப் படித்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். இதைக் கண்டுபிடிக்கவா வகுப்புக்குப் போனாய், என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே என்றாள். பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன், கத்தவில்லை. அவள் சிரிப்பு நின்றது.

"அக்கா, முதல்ல படிச்சதை இன்னொரு தடவை படியேன்."

மறுபடி படித்தேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக என்ற இடம் வந்ததும் நோட்டை மூடிவிட்டேன். சனிக்கிழமை வரைக்கும் எதற்கு, இப்போதே வா, என் வீட்டுத் தெருமுனையில் நிற்கிறேன் என்றேன்.