இந்த மண்ணின் ஈ

மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான தன் லயத்தின் சாக்கடைக் கானில் பிடித்த ஈயை ஆண்டியப்பன் தோட்டத்துத் துரையிடம் கொடுத்திருந்தான். துரை பூச்சிப் பைத்தியம். புத்தகங்களைப் புரட்டி, சிறகில் ஒரு நரம்பு கூடுதல் என்று கண்டுபிடித்தார்.

"புது எனம். ஒலகத்துல வேற எங்கயும் இல்ல. இந்த மண்ணுக்கே சொந்தம்."

ஆண்டியப்பனின் பிரஜாவுரிமை மனு அன்றுதான் தள்ளுபடியாகியிருந்தது. தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி இல்லையாம்.

"இதோட அப்பன் எங்க பொறந்தான்னு கேக்கலீங்களா, தொரை?"

"ஈகிட்ட அது கேக்கிறது இல்ல."

"நானும் அதே லயத்துல பொறந்தவந்தாங்க. எனக்கும் இப்படி ஒரு வார்த்தை சொல்லுங்க."

துரை நியாயமாக யோசித்தார்.

"ஒன்னைப்போல நெறைய இருக்கு, ஆண்டியப்பன். இது ஒன்னுதான் இருக்கு."

ஈயைக் குண்டூசியால் பூச்சிப் பெட்டிக்குள் குத்தி, கீழே 'இலங்கை' என்று எழுதினார். பெட்டியின் மூடியை ஆண்டியப்பன்தான் பிடித்துக்கொண்டு நின்றான்.