வந்து சேராத மதிப்பெண் பட்டியல்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவருடைய பரிந்துரை இல்லாமல் ராணுவ அகாடமியின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. அதற்கான நேர்காணலில் ஜோலீன் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். எதிரே, உறுப்பினரின் சார்பில் ஆள் தேர்ந்தெடுக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ஹேக்மன் அவளுடைய கோப்பைப் புரட்டினார்.

"மதிப்பெண் பட்டியலையே காணோமேம்மா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளி ஆலோசகர் புரூயிட்டிடம் மூன்று முறை நடையாய் நடந்திருந்தாள். "உன் மார்க்குக்கு அகாடமி ஒரு கேடா? இதை அனுப்பி நம்ம ஸ்கூல் மானத்தை வாங்கணுமா?" என்று இளித்தவர், கடைசியில் அனுப்பிவிட்டதாகச் சத்தியமே செய்தார். பாவி மனுஷன்!

"நானே சொல்றேன் சார். என் சராசரி நாலுக்கு மூணு புள்ளி ஒண்ணு. இயற்பியல்ல முதல்ல சி கிரேடுதான். சுலபமான பாடத்துக்கு ஓடலை. அதையே திரும்ப எடுத்தேன், பி வந்துச்சு."

"பட்டியல்தான் எங்க கையில இல்லையே. அந்த சி-யை மறைச்சிருக்கலாமே?"

"மறைக்கிறவரு ஸ்கூல்ல உக்காந்திருக்காரு சார். நான் இங்க வந்திருக்கேன்."

கர்னலின் முகம் சிவந்தது. பரிந்துரைத் தாளில் அவள் பெயரை அழுத்தி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப அந்த ஆளு பேரைச் சொல்லு."