விண்கலத்துக்கு எலுமிச்சம்பழம்

எங்கள் விண்கலம் ஏன் கிளம்பவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தது நானில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கேட்டால் எனக்குத்தான் அசிங்கம்.

விண்கலம் என்றால் வீடியோ கேமில். கட்டை கட்டையாக அடுக்கிக் கப்பல் கட்டி, தரையிலிருந்து கிளப்பி, நிலாவுக்குப் போக வேண்டும். நான் ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் பில் போடுகிறவன். பெயர் ஜெயவேல். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன் என்பதை, முகூர்த்தச் சேலைக்குப் பில் போடும்போதுகூட எப்படியாவது சொல்லிவிடுவேன். என் மனைவி ரேணுகாதேவிக்கு ஓசூரில் கம்பெனி வேலை, அங்கேயே ஹாஸ்டல். மாதத்துக்கு ஒருமுறை வருவாள். மற்றபடி சாயங்கால வேளைகளில் எங்கள் குடித்தனம் அந்தக் கேமுக்குள்தான். அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒரே கப்பலைக் கட்டுவோம்.

அவள் ஊருக்கு வந்தாலும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அப்பாவும் டிவியும். இன்னொன்றில் அம்மா, தங்கை, அரிசி மூட்டை. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் கதவைச் சாத்திக்கொண்டு பேச எங்களுக்கு இடம் கிடையாது. சேர்ந்து வெளியூர் போனதும் பக்கத்திலிருக்கும் போளூரோடு சரி.

கப்பல் முடிந்ததும் அவள் சொன்னாள்: "வர்ற ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் ஒண்ணா நிலாவுக்குப் போறோம். அதுவரைக்கும் எனக்கு செகண்ட் ஷிப்டு, கேமுக்கு வர முடியாது. நீ டெஸ்ட் பண்ணி வை. சொதப்பிடாத."

பட்டனை அழுத்தினேன். நெருப்பு வந்தது, புகை வந்தது, கப்பல் அசையவில்லை. 'கப்பல் தரையோடு பிணைந்திருக்கிறது' என்று சிவப்பாக ஒரு அறிவிப்பு வந்தது. பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் பச்சைக் குழந்தை டிப்ளமோ படித்ததில்லை.

முதலில் இன்ஜின்களைப் பார்த்தேன். இரண்டு தலைகீழாக மாட்டியிருந்தன. எரிபொருள் குழாய் டேங்கில் சேராமல் மாடிப்படியில் போய் முடிந்திருந்தது. ஒரு கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் நேராக ஆகாயம். எல்லாம் என் கைவண்ணம். அவள் கட்டிய பக்கத்தில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு தப்புகூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

எல்லாவற்றையும் திருத்தினேன். அப்போதும் அசையவில்லை. சரி, கனம் அதிகம் என்று முடிவு கட்டினேன். பின்பக்கத்தில் அவள் ஒரு சின்ன அறை கட்டியிருந்தாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கதவின் உள்பக்கம் எதற்கும் உதவாத ஒரு சிவப்புக் கட்டை. நிலாவுக்குப் போகிறவனுக்குக் கட்டில் எதற்கு? மொத்தத்தையும் பிரித்துப் போட்டேன். கப்பல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேணுகா கேமுக்குள் வந்தாள். நான் அரிசி மூட்டையில் சாய்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கப்பலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள், அது நிற்கும் கால்களுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"இன்னாது இது, மஞ்சளா?"

"எலுமிச்சம்பழம்."

அவள் இன்னும் குனிந்து நாலு காலையும் எண்ணிப் பார்த்தாள்.

"புது வண்டி எடுத்தா சக்கரத்துக்கு அடியில வெக்கமாட்டாங்களா? நாலு காலுக்கும் நாலு மஞ்சக் கட்டை வெச்சேன். பூஜை போடாம எப்படி எடுக்கறது?"

"வண்டிக்கு சக்கரம் இருக்குது, நசுக்கிகினு போயிடும். இதுக்குக் காலு. காலுக்கும் தரைக்கும் நடுவுல எந்தக் கட்டைய வெச்சாலும் ரெண்டோடவும் ஒட்டிக்கும். கப்பல பூமியோட சேத்து வெல்டிங் பண்ணி வெச்சிட்டு ஒரு வாரமா இன்னா பண்ணிகினு இருந்த?"

நாலு பழத்தையும் எடுத்தாள். சிவப்பு அறிவிப்பு மறைந்து பச்சை விளக்கு எரிந்தது. வெட்கப்பட வேண்டிய நான், ஏதோ நானே சரிசெய்ததுபோல் குதித்தேன். அவள் கப்பலுக்குள் ஏறினாள். நேராகப் பின்பக்கம் போனாள்.

"பின்னாடி ரூம் எங்கங்க?"

தனியாகப் பேசும்போது அவள் என்னை 'நீ' என்பாள். மரியாதை வந்துவிட்டால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"கனம்னு எடுத்துட்டேன். வெறும் ரூம்தானே. கதவுல வேற எதுக்குமில்லாம ஒரு செவப்புக் கட்டை…"

"அது தாழ்ப்பாளுங்க. இந்த கேம்ல தாழ்ப்பா கெடையாது. அதான் அத வெச்சேன்."

அவள் குரல் உடைந்தது. எனக்குச் சுருக்கென்றது. கட்டிலை அவள் எதற்குப் போட்டாள், கதவை எதற்கு வைத்தாள் என்று அப்போதுதான் இந்த மரமண்டையில் ஏறியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பக்கத்து அறையில் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"இன்னாடா, பொண்டாட்டிகிட்ட சண்டையா?"

மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு ஒரு அறை இல்லை. வாயை மூடிக்கொண்டு கட்டைகளை எடுத்தேன். சுவர் வைத்தேன், கோணலாக வந்தது, பிரித்து மறுபடி வைத்தேன். கட்டில், ஜன்னல், கதவு. அவள் உதவிக்கு வரவில்லை, ஆனால் போகவும் இல்லை. முடிந்ததும் உள்ளே வந்து தாழ்ப்பாளைத் தன் கையாலேயே வைத்தாள்.

"கெளம்பலாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"நிலா எங்க போவப் போவுது. சித்த நேரம் இப்படியே இருக்கலாம்."

மரியாதை போயிருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"இங்க யாரும் இல்ல," என்றாள். "இப்ப பேசு."

மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. பக்கத்து அறையில் அப்பா இன்னும் டிவி சத்தத்தைக் கூட்டவில்லை.

"சாப்ட்டியா?" என்று கேட்டேன்.